பூட்ஸ் கழற்றாமல் உளூ: களப்பணியில் இருக்கும் முஸ்லிம் வீரருக்கு

களப்பணியில் தொழுகைக்குப் பெரிய இடைஞ்சல் பூட்ஸ்தான். கால் கழுவி உளூவை (தொழுகைக்கு முன் கை, முகம், கால் சுத்தம் செய்வது) முழுதாக முடித்த பிறகே அதை மாட்டுங்கள். கணுக்கால் மூடியிருக்க வேண்டும். பிறகு உளூ முறிந்தால் ஈரக்கையால் பூட்ஸின் மேற்புறத்தைத் தடவினால் போதும். இந்தச் சலுகை முகாமில் 24 மணி நேரம், பயணத்தில் 72. கணக்கு தொடங்குவது மாட்டிய நேரத்திலிருந்து அல்ல, மாட்டிய பின் முதலில் உளூ முறிந்ததிலிருந்து. பலர் சறுக்குவது இரவில்: கழற்றித் தூங்கி, விடிந்ததும் கால் கழுவாமல் மாட்டித் தடவுகிறார்கள். அந்த உளூ செல்லாது. குளிப்பு கடமையானாலும் கழற்றத்தான் வேண்டும்.

காவல் நேரத்தில் இடத்தை விட்டு நகராதீர்கள். லுஹர் (நண்பகல் தொழுகை) நேரம் அஸர் (பிற்பகல் தொழுகை) வரை நீளும். பணி மாறியதும் தொழுங்கள், தாமதம் குற்றமில்லை. நெடும்பயணத்தில் ஷாஃபிஈ சட்டப்பிரிவு (மத்ஹப்) வீரர் லுஹர், அஸர் இரண்டையும் சேர்த்தே தொழலாம். ஹனஃபி பிரிவில் அதற்கு இடமில்லை.