வார்டு வேலையின் நடுவே கோச்சிங் திறனைக் கற்றுக்கொள்ளும் முறை

உத்தரப் பிரதேசத்தில் 120 சுகாதார நிலையங்களில் 'பெட்டர்பர்த்' என்ற ஆய்வு நடந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்பான பிரசவச் சரிபார்ப்புப் பட்டியலைப் பிரசவ அறை ஊழியர்கள் கடைப்பிடிக்கச் செய்வதற்காக, பாதி நிலையங்களுக்குப் பயிற்சி பெற்ற கோச்சுகள், அதாவது ஊழியர் வேலை செய்வதைப் பார்த்து அவரே திருத்திக்கொள்ள உதவுபவர்கள், எட்டு மாதம் நேரில் சென்று வந்தனர். 2017இல் வெளியான முடிவின்படி, கோச்சிங் தொடங்கி இரண்டு மாதம் கழிந்தபோது கோச் சென்ற இடங்களில் அத்தியாவசியப் பணிகளில் ஏறத்தாழ 73 சதவீதம் செய்யப்பட்டன. மற்ற இடங்களில் 42 சதவீதமே. கோச்சுகளின் வருகை நின்று நான்கு மாதம் ஆனபின் அந்த 73 சதவீதம் 62 ஆகக் குறைந்தது. இறப்பு விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. கோச்சிங் பழக்கத்தை மாற்றுகிறது, தொடர்ச்சி அறுந்தால் அந்த மாற்றம் தேய்கிறது, மற்றக் குறைகளுக்கு அது ஈடாகாது என்பதை மனத்தில் இருத்திக்கொண்டே இத்திறனைக் கற்கத் தொடங்க வேண்டும்.

இன்சார்ஜ் சிஸ்டர்களும் மூத்த மருத்துவர்களும் முதலில் விடவேண்டியது, உடனே விடை சொல்லிவிடும் பழக்கம். நம் மருத்துவமனைகளில் இளையவர்கள் பெரும்பாலும் திட்டு வாங்கியே வேலை கற்கிறார்கள். அப்படிக் கற்றவர் தவறைத் திருத்துவதற்கு முன் மறைக்கக் கற்றுக்கொள்கிறார் என்பது என் உறுதியான கருத்து. எனவே முதல் வாரம் முழுவதும் பார்த்தல் ஒன்றையே பழகுங்கள். ஒரே ஒருவரின் ஒரே ஒரு பணியை, உதாரணமாகக் கேனுலா (நரம்பில் மருந்து ஏற்றும் சிறு குழாய்) போடுவதை அல்லது ஹேண்ட் ஓவர் (அடுத்த டூட்டியினரிடம் நோயாளிகளின் விவரத்தைச் சொல்லி ஒப்படைத்தல்) கொடுப்பதை, குறுக்கிடாமல் நின்று பார்த்து, கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள். 'அக்கறையில்லை' என்பது தீர்ப்பு; 'கையுறை போடுமுன் கை கழுவவில்லை' என்பது குறிப்பு. நோயாளிக்கு ஆபத்து தெரிந்தால் மட்டும் அந்தக் கணமே தடுத்துச் சரிசெய்ய வேண்டும். அங்கே கேள்வி கேட்டுக்கொண்டிருப்பது பெரும் பிழை.

அடுத்தது கேட்டல். இலக்கு, இன்றைய நிலை, உள்ள வழிகள், எடுக்கும் உறுதி என்று நான்கு படிகளில் உரையாடலை நடத்தும் 'க்ரோ' முறையைக் கோச்சிங் நூலாசிரியர் ஜான் விட்மோர் பரவலாக்கினார். தொடக்கத்தில் கைப்பிடியாக அதுவே போதும். காலை டூட்டி மாறும்போது, மூன்றாம் படுக்கை நோயாளியின் பொட்டாசியம் குறைவு என்ற ரிப்போர்ட்டை நைட் டூட்டி நர்ஸ் சொல்லாமல் விட்டுவிட்டார் என்று கொள்வோம். டாக்டருக்குத் தகவல் சொல்லி நோயாளியைக் கவனித்தபின், தனியாக உட்கார வைத்துப் பேச வேண்டும். "ஏம்மா சொல்லவில்லை?" என்று தொடங்கினால் சமாதானம்தான் வரும்.

"ஹேண்ட் ஓவர் கொடுக்கும்போது எதைப் பார்த்துச் சொன்னாய்?"

"ஞாபகத்திலிருந்துதான் சொன்னேன் சிஸ்டர். ரிப்போர்ட் வந்த நேரத்தில் புது அட்மிஷன் வந்துவிட்டது."

"இனி விடுபடாமலிருக்க என்ன செய்யலாம் என்று நினைக்கிறாய்?"

"கேஸ் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு படுக்கையருகிலேயே சொல்கிறேன்."

இரண்டாம் கேள்விக்குப் பின் வரும் மௌனத்தைத் தாங்கிக்கொள்வதே இத்திறனில் மிகக் கடினமான பகுதி. அந்த மௌனத்தை நம் அறிவுரையால் நிரப்பிவிட்டால், தீர்வு நம்முடையதாகிவிடும். அவர் அதற்குத் தலையாட்டிவிட்டுப் போவார், அவ்வளவுதான். ஆனால் தெரியாத ஒன்றைக் கேள்வி கேட்டு வரவழைக்க முடியாது. மருந்தின் அளவோ கலக்கும் முறையோ தெரியாதவருக்கு நேரடியாகச் சொல்லிக்கொடுத்து, செய்து காட்டி, செய்ய வைத்துப் பார்க்க வேண்டும். அறியாமை எது, பழக்கக் குறை எது என்று பிரித்தறிவதும் கோச்சின் வேலையே.

ஒரு சந்திப்பில் ஒரு மாற்றத்துக்கு மேல் வேண்டாம். பத்து நிமிடமும் போதும். அதை மீண்டும் எந்த டூட்டியில் பார்க்கப் போகிறீர்கள் என்று அவரிடம் அப்போதே சொல்லி, அந்த நாளில் தவறாமல் போய் நில்லுங்கள். பழகிவிட்டதாகத் தோன்றிய பிறகும் சந்திப்புகளை நிறுத்திவிடாமல், இடைவெளியை மட்டும் கூட்டிக்கொண்டே செல்வது நல்லது.

உங்கள் கோச்சிங்கையும் ஒருவர் பார்க்க வேண்டும். அறுவை மருத்துவர் அதுல் கவாண்டே, பல ஆண்டு அனுபவத்துக்குப் பின்னும், தம்மைப் பயிற்றுவித்த மூத்த மருத்துவர் ராபர்ட் ஆஸ்டீனை அறுவை அரங்குக்கு அழைத்துத் தம் வேலையைக் கவனிக்கச் சொன்னதை 2011இல் எழுதியிருக்கிறார். சக இன்சார்ஜ் ஒருவரை அருகில் உட்கார வைத்து, யார் அதிகம் பேசினார், எத்தனை கேள்விகள் ஆம், இல்லை என்று முடிந்தன என்பதைக் குறிக்கச் சொல்லுங்கள்.

கோச்சிங் குறிப்பேட்டை ஆண்டு மதிப்பீட்டோடும் மெமோவோடும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. சேர்த்த மறுநாளே எவரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். நோயாளிக்குத் தீங்கு நேர்ந்த நிகழ்வு மட்டும் அதற்குரிய அறிக்கையில் முறைப்படி பதிவாக வேண்டும் என்பதை முதல் சந்திப்பிலேயே அவரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.