படத்தோடு ஒரு கேள்வியும் நான்கு எண்களும்

எடுத்த படத்தைக் காட்டி "எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்காதீர்கள், உங்களை உறுத்துகிற ஒரே ஒரு விஷயத்தைக் கேள்வியாக்கி, கூடவே ஷட்டர் வேகம் (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்), அபெர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு), ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்), குவியத் தூரம் (லென்ஸின் மி.மீ. எண்) நான்கையும் எழுதிவிடுங்கள்.

பொதுவாகக் கேட்டால் "அருமை" என்று ஒரு சொல் வரும், அவ்வளவுதான், பார்ப்பவருக்கு எங்கே தொடங்குவது என்றே தெரியாது. "பறவையின் கண் ஏன் மங்கலாக இருக்கிறது?" என்று கேட்டு, கையில் பிடித்து 200 மி.மீ., 1/60 நொடி என்றும் சொல்லிவிட்டால், அனுபவம் உள்ளவர் ஃபோகஸைச் சந்தேகிப்பதற்கு முன்பே ஷட்டர் வேகத்தைத்தான் கவனிப்பார், ஏனென்றால் முழு ஃபிரேம் கேமராவில் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ளது) அந்தக் குவியத் தூரத்துக்குக் கை நடுக்கம் தெரியாமலிருக்கக் குறைந்தது 1/200 நொடி வேகம் வேண்டும் என்பது பழைய கணக்கு (ஸ்டெபிலைசேஷன் கை நடுக்கத்தைக் குறைக்கும், பறவையின் அசைவைக் குறைக்காது). எண்களைக் கையால் எழுதச் சொல்வதற்கும் காரணம் உண்டு: வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினாலே எக்ஸிஃப் தகவல் (கேமரா படக் கோப்பிலேயே பதிந்து வைக்கும் இந்த எண்கள்) போய்விடுகிறது.

முதல் பார்வையில் கண் எங்கே போகிறது என்று தெரிய வேண்டுமானால் இப்படிக் கேட்காதீர்கள், கேள்வியே பார்வையை இழுத்துவிடும், படத்தை மட்டும் கொடுத்து, "முதலில் எதைப் பார்த்தீர்கள்?" என்று அப்புறம் கேளுங்கள். போனின் போர்ட்ரெயிட் மோடிலும் அபெர்ச்சர் எண் உதவாது, அங்கே பின்னணியை மங்கலாக்குவது பெரும்பாலும் மென்பொருள்தான்.