எல்லோருக்கும் எல்லா அனுமதியும்: அலுவலகப் பொது ஃபோல்டரில் நாம் செய்யும் தவறுகள்

ஐந்தாறு கம்ப்யூட்டர்கள் இருக்கும் அலுவலகத்தில் ஒரு ஃபோல்டரைப் பொதுவாக்குவது பத்து நிமிட வேலைதான். அந்தப் பத்து நிமிடத்தில் அவசரமாக டிக் போட்ட ஒரு கட்டத்தின் விளைவு, நேற்று வேலைக்குச் சேர்ந்தவர் சம்பளப் பட்டியலைத் திறந்து பார்க்கும் அன்றுதான் தெரியவரும்.

பெரும்பாலும் கதை இப்படித்தான் போகும். அடுத்த மேசைக்காரர் ஃபோல்டரைத் திறந்தால் 'ஆக்சஸ் டினைட்' (அனுமதி இல்லை) என்று வருகிறது. ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸில் ஷேரிங் பகுதிக்குப் போய் 'எவ்ரிஒன்', அதாவது எல்லோரும், என்று சேர்க்கிறோம். அப்போதும் திறக்கவில்லை. செக்யூரிட்டி பகுதிக்குப் போய் அங்கேயும் 'எவ்ரிஒன்', கூடவே 'ஃபுல் கண்ட்ரோல்' என்ற முழு அதிகாரம். திறந்துவிட்டது! இரண்டில் எது தடுத்தது என்று அதன்பின் யாரும் பார்ப்பதில்லை.

விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டருக்கு இரண்டு வாசல்கள் உண்டு. முதலாவது ஷேர் பெர்மிஷன். நெட்வொர்க் வழியாக வருபவரை மட்டும் நிறுத்திக் கேட்கும். இரண்டாவது செக்யூரிட்டி பகுதியில் இருக்கும் என்டிஎஃப்எஸ் பெர்மிஷன் (என்டிஎஃப்எஸ் என்பது விண்டோஸ் டிஸ்கில் ஃபைல்களை வைக்கும் முறை). அதே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து திறப்பவரையும் விடாது. நெட்வொர்க்கில் வருபவர் இரண்டையும் தாண்ட வேண்டும், இரண்டில் எது குறைவோ அதுதான் அவருக்குக் கிடைக்கும். 'அட்வான்ஸ்டு ஷேரிங்' வழியாகப் பகிர்ந்தால், முதல் வாசலில் எவ்ரிஒன் என்ற பெயருக்கு வெறும் 'ரீட்' (படிக்கும் அனுமதி) மட்டுமே தானாக விழும். அதைக் கவனிக்காமல் செக்யூரிட்டியில் 'மாடிஃபை' (திருத்தும், அழிக்கும் அனுமதி) கொடுத்துவிட்டு, "ஃபைல் திறக்குது, சேவ் மட்டும் ஆகலையே" என்று தலையைச் சொறிபவர்கள் ஏராளம்.

இரண்டு இடத்திலும் ஆளுக்கொரு விதமாக அனுமதி வைத்தால் பிறகு யாராலும் கணக்குப் போட முடியாது. நான் ஷேர் வாசலில் 'ஆதென்டிகேட்டட் யூசர்ஸ்' (கணக்கு வைத்து லாகின் செய்தவர்கள்) குழுவுக்கு 'சேஞ்ச்' (படிக்க, திருத்த) கொடுத்துவிடுவேன். யார் எதைப் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்ற மொத்தக் கண்டிப்பும் செக்யூரிட்டி பகுதியில். அங்கேயும் வேலை செய்பவருக்கு 'மாடிஃபை' போதும். ஃபுல் கண்ட்ரோல் கொடுத்தால் அனுமதிகளையே மாற்றும் அதிகாரமும் சேர்ந்து போய்விடும். அது எந்தக் குமாஸ்தாவுக்கும் தேவையில்லை, முதலாளிக்கும் தேவையில்லை.

ஆள் பெயரைப் போட்டு அனுமதி கொடுப்பது அடுத்த தவறு. கணக்குப் பிரிவு, விற்பனைப் பிரிவு என்று குழுக்கள் அமைத்து, ஃபோல்டர்களுக்குக் குழுவின் பெயரை மட்டும் கொடுங்கள். ஒருவர் விலகினால் ஒரே இடத்தில் எடுத்தால் போதும். குழுவில் புதிதாகச் சேர்த்தவர் ஒருமுறை லாக் ஆஃப் செய்து திரும்ப வரும்வரை புது அனுமதி வேலை செய்யாது. இது தெரியாமல் அரை மணி நேரம் போராடி, கடைசியில் எவ்ரிஒன் பக்கம் சாய்ந்தவர்களை எனக்குத் தெரியும். 'டினை' (மறுப்பு) கட்டத்தைத் தொடாமல் இருப்பதே நல்லது. ஒரே இடத்தில் அனுமதியும் மறுப்பும் இருந்தால் மறுப்புதான் ஜெயிக்கும். எவ்ரிஒன் பெயருக்கு டினை போட்டவர் தன்னையும் சேர்த்தே வெளியே பூட்டிக்கொள்கிறார்.

எல்லாம் சரியாக வைத்த பிறகும் ஒரே ஒரு ஃபைல் மட்டும் மற்றவர்களுக்குத் திறக்காமல் அடம்பிடிக்கும். அது எப்படி அங்கே வந்தது என்று கேட்டுப் பாருங்கள். அதே டிரைவில் இருந்த தன் சொந்த ஃபோல்டரிலிருந்து யாரோ இழுத்துப் போட்டிருப்பார். ஒரே டிரைவுக்குள் நகர்த்தினால் ஃபைல் தன் பழைய அனுமதிகளோடேயே குடிபெயரும். காப்பி செய்தால்தான் புது ஃபோல்டரின் அனுமதிகளை வாங்கிக்கொள்ளும். ஆகவே காப்பி செய்து, சரியாகத் திறக்கிறதா என்று பார்த்து, அப்புறம் பழையதை அழியுங்கள்.

பாஸ்வேர்டு கதை தனி. கம்ப்யூட்டரைத் திறக்க நாலு இலக்க பின் எண் அடித்துப் பழகியவர், நெட்வொர்க்கில் கேட்கும்போதும் அதையே அடிப்பார். ஏற்காது, அங்கே கணக்கின் பாஸ்வேர்டுதான் வேண்டும். பாஸ்வேர்டே இல்லாத கணக்கையும் விண்டோஸ் வழக்கமாக நெட்வொர்க் வழியாக உள்ளே விடாது. உடனே, பாஸ்வேர்டு கேட்டே உள்ளே விடும் 'பாஸ்வேர்டு ப்ரொடெக்டட் ஷேரிங்' என்பதையே அணைத்துவிடுகிறார்கள். வேண்டாம். ஃபோல்டர் இருக்கும் கம்ப்யூட்டரில் ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு உருவாக்குங்கள். அவரவர் கம்ப்யூட்டரில் உள்ள அதே பெயர், அதே பாஸ்வேர்டு இருந்தால் கேள்வி கேட்காமலே திறக்கும். பாஸ்வேர்டுகளை விண்டோஸ் சேமித்து வைக்கும் 'கிரெடென்ஷியல் மேனேஜரில்' பழைய பாஸ்வேர்டு ஒட்டிக்கொண்டிருந்தால் அதை அழித்துவிட்டு முயலுங்கள். விண்டோஸ் 11 ப்ரோவின் 24எச்2 பதிப்பில், பாஸ்வேர்டு இல்லாமல் கெஸ்டாகப் போய் இணைவது ஆரம்பத்திலேயே தடுக்கப்பட்டிருக்கிறது. நெட்வொர்க்கில் மாட்டும் பழைய ஸ்டோரேஜ் பெட்டி வைத்திருப்பவர்கள் இதில்தான் அதிகம் முட்டிக்கொள்கிறார்கள்.

அந்தப் பழைய பெட்டிக்காகவோ ஸ்கேனருக்காகவோ எஸ்எம்பி 1 என்ற பழைய ஃபைல் பகிர்வு நெறிமுறையைத் திரும்ப இயக்குவது இன்னும் மோசம். 2017 மே மாதம் உலகெங்கும் கம்ப்யூட்டர்களை முடக்கிய வானாக்ரை என்ற தீம்பொருள் அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான் பரவியது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். அந்தச் சாதனம் புது நெறிமுறை பேசாது என்றால் மாற்ற வேண்டியது சாதனத்தைத்தான்.

பக்கத்துக் கம்ப்யூட்டரே கண்ணுக்குத் தெரியவில்லையா? ஃபயர்வாலை அணைக்காதீர்கள். நெட்வொர்க் வகை 'பப்ளிக்' என்று இருக்கும், 'பிரைவேட்' என்று மாற்றினால் போதும். வீட்டிலிருந்து வேலை பார்க்க வேண்டும் என்று ரவுட்டரில், ஃபைல் பகிர்வு நடக்கும் 445 போர்ட்டை வெளியுலகுக்குத் திறந்துவிடுவதும் கூடாது, அதற்கு விபிஎன் என்ற பாதுகாப்பான இணைப்பு இருக்கிறது. பொது ஃபோல்டரை ஒரு டிரைவ் போல மேப் செய்யும்போது (தன் கம்ப்யூட்டரில் ஓர் எழுத்தோடு இணைக்கும்போது) ஐபி எண்ணுக்குப் பதில் கம்ப்யூட்டரின் பெயரைக் கொடுங்கள். ரவுட்டர் என்றாவது எண்ணை மாற்றிக் கொடுத்தால் எல்லா மேசையிலும் சிவப்புப் பெருக்கல் குறிதான். ஃபோல்டர் இருக்கும் கம்ப்யூட்டர் தூங்கப் போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண விண்டோஸ் 10, 11 ஒரே நேரத்தில் 20 இணைப்புகளுக்கு மேல் ஏற்காது என்பதும் நினைவிருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. பொது ஃபோல்டரில் இருப்பதால் ஃபைல் பத்திரம் என்று நினைப்பவர்கள் உண்டு. நெட்வொர்க் வழியாக அழித்த ஃபைல் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, நேராகப் போய்விடும். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் மேப் செய்த டிரைவையும் விட்டுவைக்காது. நான் பார்த்துக்கொண்ட ஓர் அலுவலகத்தில், இடம் போதவில்லை என்று ஒருவர் 'பழையது' என்ற ஃபோல்டரை மொத்தமாக அழித்தார். பில்கள் எல்லாம் அதற்குள். இரண்டு கம்ப்யூட்டரின் ரீசைக்கிள் பின்னிலும் தேடினோம், இரண்டும் காலி. நல்லவேளையாக மூன்று வாரம் முன்பு ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் எடுத்து வைத்த காப்பி மேசை டிராயரில் கிடந்தது. அந்த மூன்று வாரத்து பில்களை ஒவ்வொன்றாக மறுபடி அடித்தோம்.