பசுமை வேளாண்மையில் பணம் போடும்போது எங்கே சறுக்குகிறோம்?

நிலத்தைக் கெடுக்காத விவசாயத்தில் முதலீடு செய்பவர்கள் அதிகம் தவறவிடுவது காலக்கணக்கை. ரசாயனம் போட்டு வந்த நிலத்துக்கு உடனே இயற்கை வேளாண்மைச் சான்றிதழ் கிடைக்காது. அமெரிக்க விதிப்படி, தடைசெய்த இடுபொருள் எதுவும் படாமல் 3 ஆண்டு போக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஓராண்டுப் பயிருக்கு 2 ஆண்டு, பழமரம் போன்றவற்றுக்கு 3 ஆண்டு. நெருக்கடியே இந்த இடைக்காலத்தில்தான். விளைச்சல் பெரும்பாலும் குறையும், களையெடுக்கும் கூலி ஏறும், விளைந்ததைச் சாதாரண விலைக்குத்தான் விற்க முடியும். முதல் வருஷமே லாபம் காட்டும் திட்ட அறிக்கை கையில் வந்தால், இந்த ஆண்டுகளின் செலவு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடுங்கள். எங்கும் இல்லை என்றால், அது விவசாயி தலையில் விழப்போகிறது. அவர் பாதியில் கைவிட்டால் உங்கள் பணமும் அதோடு போச்சு.

அதிசயப் பயிர் ஒன்றை நம்பி இறங்குவதும் ஆபத்து. 2000-களின் நடுவில் காட்டாமணக்குக்கு அப்படித்தான் பணம் கொட்டியது. தரிசிலும் வளரும், தண்ணீர் கேட்காது, விதையிலிருந்து டீசல் எடுக்கலாம் என்றார்கள். செடி தரிசில் தாக்குப்பிடித்தது உண்மை. ஆனால் நீரும் உரமும் இல்லாத இடத்தில் காய்ப்பு கட்டுப்படியாகவில்லை. நல்ல நிலத்தில் வைத்தாலோ உணவுப் பயிரின் இடம் போனது. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பல தோட்டங்கள் கைவிடப்பட்டன.

மண்ணில் கார்பன் சேர்ப்பதாகச் சொல்லும் திட்டங்களை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். உழாமல் விதைக்கும் வயலில் பயிர்த்தாள் மேலேயே மக்குவதால், மேல்மண்ணில் கார்பன் கூடும். உழுத வயலில் அது கீழ்வரை கலந்து கிடக்கும். 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மட்டும் மண் மாதிரி எடுத்து ஒப்பிட்டால் உழாத வயல் வெகுதூரம் முந்தி நிற்கும். 60 சென்டிமீட்டர் வரை எடுத்தால் அந்த வித்தியாசம் வெகுவாகச் சுருங்கிவிடுவதும் உண்டு. மண்ணில் கார்பன் எத்தனை சதவீதம் என்பது மட்டும் போதாது, மண்ணின் அடர்த்தியையும் அளந்தால்தான் ஹெக்டேருக்கு எத்தனை டன் என்று சொல்ல முடியும். அப்புறம், சேர்ந்த கார்பன் அங்கேயே இருக்கும் என்ற உறுதியும் இல்லை. நிலத்தை மறுபடி ஆழ உழுதால் ஒரு பகுதி காற்றுக்கே திரும்பிவிடும். ஆகவே எத்தனை ஆழத்தில் அளந்தார்கள், ஒப்பந்தம் முடிந்தபின் நிலத்தை யார் பார்ப்பார்கள் என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

சொட்டுநீர்ப் பாசனம் போட்டுவிட்டால் தண்ணீர் தானாக மிச்சமாகும் என்பதும் தப்புக்கணக்கே. மிச்சமான நீரில் கூடுதல் நிலத்தைப் பயிரிடுவது பல இடங்களில் நடந்திருக்கிறது. எடுக்கும் அளவுக்கு வரம்பு இருந்தால் மட்டுமே நிலத்தடி நீர் மிஞ்சும்.

எனக்கு மிகவும் உறுத்துவது ஒப்பந்தம் எழுதும் விதம். மழை பொய்த்தால் நஷ்டம் யாருக்கு, சான்றிதழால் வரும் கூடுதல் விலையில் விவசாயிக்கு எவ்வளவு என்பதைப் பல நேரம் எழுதுவதே இல்லை. குத்தகை நிலமாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அடுத்த வருஷம் நிலம் கையில் இருக்குமா என்று தெரியாதவர் மரம் நடமாட்டார், மண்ணை வளப்படுத்தவும் செலவழிக்கமாட்டார். அதில் அவரைக் குறைசொல்ல முடியாது. குத்தகைக் காலம் திட்டத்தின் காலத்தைவிடக் குறைவு என்றால், கருவிக்கும் நாற்றுக்கும் பணம் ஒதுக்குமுன் குத்தகையை நீட்டிக்க வழி பாருங்கள்.