ஸ்னூக்கர் ஸ்டிக் வாங்கும்போது கைப்பிடியைப் பார்த்து மயங்காதீர்கள்

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் எங்கள் பார்லரில் புதுமுகங்கள் கூடிவிடும். அருவியில் குளித்துவிட்டு, பிரானூர் பார்டரில் பரோட்டாவைச் சாப்பிட்டுவிட்டு, பொழுதுபோக ஒரு டேபிள் கேட்டு வருகிறவர்கள் பாதி. மீதிப் பாதி உண்மையிலேயே ஆட்டம் பழக வருகிறவர்கள். தென்காசி, செங்கோட்டை, புளியரைப் பையன்கள், ஆரியங்காவு தாண்டிப் புனலூரிலிருந்து பைக்கில் வருகிற சேட்டன்கள். இந்தக் கூட்டத்தில்தான் யாராவது ஒருவர் தோளில் புத்தம்புது கேஸோடு வந்து நிற்பார். ஜிப்பைத் திறக்கும்போதே எனக்கு வயிற்றைக் கலக்கும். எங்கள் செட்டு ஆட வந்த காலத்தில் காசைக் கொட்டி ஏமாந்த அதே வழியில்தான் இவர்களும் ஏமாந்திருப்பார்கள்.

வளைந்த ஸ்டிக்கை வாங்காதே, விரிசல் இருக்கிறதா பார் என்பதெல்லாம் கண் உள்ள எவருக்கும் தெரியும். அதை விட்டுவிட்டு மற்றதைப் பேசலாம்.

பூல் ஸ்டிக்கை வாங்கிவிட்டு ஸ்னூக்கர் ஆட வருவது

இணையத்தில் ‘பில்லியர்ட்ஸ் ஸ்டிக்’ என்று தேடினால் பூல், ஸ்னூக்கர் என்ற இரண்டு ஆட்டத்து ஸ்டிக்கும் கலந்துதான் வரும். பூல் ஸ்டிக்கின் டிப், அதாவது பந்தைத் தொடும் முனை, பெரும்பாலும் 12, 13 மில்லிமீட்டர் இருக்கும். ஸ்னூக்கர் டிப் 9 முதல் 10 வரை. ஸ்னூக்கர் பந்தின் குறுக்களவே 52.5 மில்லிமீட்டர்தான். அதில் 13 மில்லிமீட்டர் டிப்பை வைத்துக்கொண்டு நடுவுக்குச் சற்று இடப்பக்கம் அடிக்கிறேன் என்றால், டிப் எங்கே தொடுகிறது என்பது ஆடுகிறவருக்கே தெரியாது. 9.5 என்று எழுதியிருப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

கைப்பிடி அழகில் மயங்குவது

இத்தனை வருஷம் ஆகியும் எரிச்சல் தீராத தவறு இதுதான்.

ஸ்டிக்கில் கண்ணுக்குத் தெரிவது இரண்டு பகுதி. பின்னால் கை பிடிக்கும் கறுத்த பகுதியை பட் என்கிறோம். அதிலிருந்து டிப் வரைக்கும் போகிற வெளிர் நிற மரம் ஷாஃப்ட். பட் எடை கொடுக்கும், பிடிமானம் கொடுக்கும். அதோடு அதன் வேலை முடிந்தது. அடியின் வேகத்தைப் பந்துவரை கொண்டுபோவது ஷாஃப்ட். இடது கை விரல்மேல் ஓடுவது ஷாஃப்ட். குனிந்து குறிபார்க்கும்போது கண்ணுக்கு முன்னால் இருப்பதும் அதுதான். ஆனால் விற்கிறவர் போட்டோ எடுத்துப் போடுவது பட்டைத்தான். எபனி, அதாவது கருங்காலி. கழுத்தில் மாலையாக வந்தாலும் சரி, ஸ்டிக்கில் வந்தாலும் சரி, அந்தப் பெயருக்கே நம் ஊரில் ஒரு மயக்கம் இருக்கிறது. அதற்குக் கீழே சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று மெல்லிய பட்டைகள், பித்தளைத் தகட்டில் ஒரு பெயர். பையன்கள் விழுந்துவிடுகிறார்கள்.

பிரானூர் பக்கம் மர அறுவை மில்கள் நிறைய உண்டு. அங்கே ஒரு மில்லில் வெகு காலமாக வேலை பார்ப்பவரின் மகன் எங்களிடம் ஆடுகிறான். கை நல்ல கை. தூரத்துப் பந்தைக்கூட அலட்டிக்கொள்ளாமல் பாட் செய்து குழிக்குள் தள்ளுவான். போன சித்திரையில் 22,000 ரூபாய்க்கு ஸ்டிக் ஒன்றைக் கூரியரில் வரவழைத்தான். பட்டில் ஐந்து நிறம். பார்லரே எழுந்து வந்து பார்த்தது. நான் வாங்கி டிப் பக்கத்தைத் திருப்பி ட்யூப் லைட்டுக்குக் கீழே பிடித்தேன். ஆஷ் மரத்து ரேகை டிப்பிலிருந்து கிளம்பி ஒரு முழம்கூட வரவில்லை, அதற்குள் பக்கவாட்டில் ஓடி வெளியேறிவிட்டது. அடுத்த ரேகையும் அப்படியே. “தம்பி, திருப்பி அனுப்பிரு” என்றேன். “அண்ணே, பட்டப் பாத்தீங்களா, கைவேலைண்ணே” என்றான். 

ஆனி பிறந்து சாரல் பிடித்தது. ஒரு மாதிரி ஈரக்காற்று, துணியே காயாத நாட்கள். ஷாஃப்ட் நடுவில் வில் போட ஆரம்பித்தது. ஓர் இரவு அவனைக் கூட்டிப்போக வந்த அவன் அப்பா ஸ்டிக்கைக் கையில் வாங்கினார். பட் பக்கம் அவர் பார்க்கவே இல்லை. கட்டை விரல் நகத்தை ரேகைமேல் வைத்து இழுத்துக்கொண்டே போனார். பாதியில் நகம் விளிம்பைத் தாண்டி வெளியே வந்தது. “ரேகை வெளிய ஓடுதுல்லா. இந்தக் கட்டை வெயில்ல ஒரு பக்கம் நிக்கும், மழையில ஒரு பக்கம் நிக்கும். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லே” என்றார். பையன் வாயைத் திறக்கவில்லை. திருப்பி அனுப்பும் கெடு எப்போதோ முடிந்திருந்தது.

அவர் சொன்னதுதான் விஷயம். மரத்தின் நார் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை இணையாக ஓடினால், ஈரம் ஏறி இறங்கும்போது எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி அசையும். நார் குறுக்கே வெட்டுப்பட்டு வெளியேறினால் ஒரு பக்கம் இழுக்கும். அந்த இடத்தில் பலமும் குறையும். டிப்புக்குக் கீழே அரையடிக்குள் அப்படி இருந்தால் விரிசலும் விடலாம்.

ஆஷ் ஷாஃப்டைப் பார்ப்பது சிரமமே இல்லை. ஒரு முகத்தில் ரேகைகள் அம்புமுனைகளாக ஒன்றன் பின் ஒன்றாக வரும். ஸ்டிக்கைத் திருப்பினால் பக்கவாட்டு முகங்களில் அதே ரேகைகள் நேர்கோடுகளாகத் தெரியும். அம்புகள் நட்ட நடுவில், டிப்பை நோக்கி ஒரே திசையில் இருக்க வேண்டும். பக்கக் கோடுகள் டிப் வரைக்கும் தப்பாமல் ஓட வேண்டும். ஆடும்போது அம்பு முகம் மேலே இருக்கும்படி பிடித்துப் பழகினால் ஸ்டிக் ஒவ்வோர் அடியிலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும். பல ஸ்டிக்குகளில் பட்டின் கடைசியில் மரத்தைச் சீவித் தகடு பதித்திருப்பார்கள். கண்ணால் பார்க்காமலே விரலால் தடவி முகத்தைக் கண்டுபிடித்துக்கொள்ள அது உதவும். மேப்பிள் என்றால் ரேகை அவ்வளவாகத் தெரியாது. வெண்ணெய் மாதிரி வழவழவென்று இருக்கும். குறிபார்க்கும்போது கோடு கண்ணை உறுத்துகிறது என்பவர்களுக்கு அது சரி. ஆனால் மரத்தைப் படிக்கத் தெரியாதவர் மேப்பிளில் ஏமாறுவது இன்னும் எளிது.

அடுத்தது விறைப்பு. பட் பகுதியை இடுப்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, ஷாஃப்டை உள்ளங்கையால் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டுங்கள். டிப் முனை வெகுநேரம் ஆடிக்கொண்டே இருந்தால் மரம் தொளதொளப்பு. அதை வைத்துக்கொண்டு நீண்ட தூரத்தில் ஸ்க்ரூ எடுக்க, அதாவது வெள்ளைப் பந்தைப் பின்னால் திரும்பி வரவைக்கப் போனால் அடி பாதியில் கரைந்துவிடும்.

இவ்வளவும் பார்த்த பிறகு பட்டைப் பாருங்கள், தப்பில்லை. அதிலும் ஒரு ஏமாற்று உண்டு. பட்டும் ஷாஃப்டும் சேரும் இடத்தில் பட்டின் கறுத்த மரம் நான்கு முனைகளாக மேலேறியிருக்கும். நான்கும் அச்சில் வார்த்தது போல ஒரே உயரத்தில் ஊசியாக முடிந்தால் அது மெஷின் வேலை. கையால் சீவி ஒட்டியதில் முனை லேசாக உருண்டு முடியும், உயரமும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். மெஷின் வேலை ஆட்டத்தைக் கெடுக்காது. மெஷின் வேலைக்குக் கைவேலை விலை கொடுப்பதுதான் வயிற்றெரிச்சல். மலிவுச் சரக்கில் அந்த முனைகளே வார்னிஷுக்குள் ஒட்டிய படமாக இருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

டேபிளில் உருட்டிப் பார்த்து முடிவு கட்டுவது

எல்லாரும் செய்வது இது. கையால் சீவிய ஸ்டிக் முழு வட்டமாக இருக்காது, பட்டின் அடியில் ஒரு பக்கம் சீவியும் இருக்கும். அதனால் நல்ல ஸ்டிக்கே உருளும்போது குதிக்கும். கெட்ட ஸ்டிக் சில சமயம் சமர்த்தாக உருண்டு போகும். கண்தான் சரியான அளவுகோல். பட் முனையைக் கன்னத்தோடு வைத்து, டிப்பைத் தரைப்பக்கம் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் ஷாஃப்ட் நெடுகப் பார்த்தபடி மெதுவாகச் சுற்றுங்கள். ஆஷில் நூல் பிடித்தாற்போல நேரானது அபூர்வம். இம்மியளவு விலகலுக்கெல்லாம் ஸ்டிக்கை ஒதுக்கினால் வாழ்நாள் முழுக்கப் பார்லர் ஸ்டிக்கில்தான் ஆட வேண்டும்.

எடை

17 முதல் 19 அவுன்ஸுக்குள் எதுவும் சரி. கனமான ஸ்டிக் பலமாக அடிக்கும் என்பது புனலூர் சேட்டன் ஒருவரின் சித்தாந்தம். அவர் 21 அவுன்ஸில் ஆடி மெதுவான அடிகளை எல்லாம் கெடுத்துக்கொள்கிறார். எடையைவிட அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது முக்கியம். ஸ்டிக்கை விரலில் நிறுத்துங்கள். பட் முனையிலிருந்து 16, 18 அங்குலத்துக்குள் சமன்பட்டால் பெரும்பாலான கைகளுக்கு ஒத்துவரும். நீளம் 57 அல்லது 58 அங்குலம். ஆறடிக்கு மேல் உள்ளவர்கள் மட்டும் அதைப் பற்றி யோசித்தால் போதும்.

இம்போர்ட்டட் என்றால் உசத்தி

இந்த ஆட்டத்தை நெவில் சேம்பர்லின் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி 1875-ல் ஜபல்பூரில் ஆரம்பித்தார் என்பார்கள். அதற்கு விதிகள் எழுதி மாட்டப்பட்டது 1882-ல், நம் ஊட்டி கிளப்பில். ஆட்டத்துக்கே நாம் தாய்வீடு. ஆனால் ஷாஃப்டுக்கு வேண்டிய வெள்ளை ஆஷ் வட அமெரிக்காவில் வளரும் மரம். ஆக, எந்த ஊர்ப் பட்டறையில் செய்தாலும் நம்மைப் பொறுத்தவரை மரம் இறக்குமதிதான். ‘இம்போர்ட்டட்’ என்று சொல்லி விலையை இரட்டிப்பாக்குகிறவரிடம் எந்த மரம், ரேகை எப்படி என்று கேளுங்கள்.

விலைக்கும் ஆட்டத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றிக் கேட்டால் நான் ஸ்டீபன் ஹென்ட்ரியைச் சொல்வேன். 1990-லிருந்து 1999-க்குள் 7 முறை உலக சாம்பியன். ஏழையும் சிறுவயதில் வாங்கிய ஒரே மலிவு ஸ்டிக்கால்தான் எடுத்தார். 2003-ல் விமானப் பயணத்தில் அது உடைந்துபோனது. அதற்குப் பிறகு எவ்வளவோ நல்ல ஸ்டிக்குகள் கைக்கு வந்தும் எட்டாவது பட்டம் வரவில்லை. வயதும் ஒரு காரணம்தான், இல்லையென்று சொல்லவில்லை.

ஜாயின்ட்

ஒரே துண்டு, பாதியில் பிரிவது, முக்காலில் பிரிவது என மூன்று வகை. பஸ்ஸில் போய் வருகிறவருக்கு ஒரே துண்டு சரிப்படாது. நான் முக்கால் ஜாயின்டைத்தான் சொல்வேன். பித்தளை பட்டுக்குப் பக்கமாகத் தள்ளிப் போய்விடுவதால் ஷாஃப்ட் நெடுகத் தடையில்லாத மரமாக இருக்கும். கேஸ் நீளம்தான் தொல்லை. எதுவானாலும் முறுக்கி மூடிய பிறகு ஜாயின்டில் நகம் நுழையக் கூடாது. ஒரு பந்தை அடித்துப் பாருங்கள். கிளிக் என்று சத்தம் வந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

சாரலில் ஷாஃப்ட் ஒட்டுகிறதென்று உப்புத்தாள் போடுவது

ஒட்டுவது மரமல்ல, கை வியர்வையும் டிப்பில் தேய்க்கிற சாக் தூளும் வார்னிஷும். ஈரத்தைப் பிழிந்தெடுத்த துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் நன்றாகத் தேய்த்தால் போய்விடும். உப்புத்தாள் போட்டால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மரம் போகும். சில மாதங்களில் டிப்புக்குக் கீழே இருக்கிற பித்தளை வளையம் மரத்தைவிடப் புடைத்துக்கொண்டு நிற்கும். போன மரம் திரும்ப வராது.

தேங்காய் எண்ணெய்

தலைக்கு.

சரி, ஏன் என்று கேட்பீர்கள். அது காயாது. ஆளி விதை எண்ணெய் காயும். அதையும் வருஷத்துக்கு ஓரிரு தடவை, சொட்டு அளவு தடவித் துடைத்தெடுத்தால் போதும்.

ஆட்டம் வரவில்லை என்று ஆறு மாதத்துக்கொரு ஸ்டிக்

வேண்டாம். சைடு போட்டு, அதாவது நடுவை விட்டுப் பக்கவாட்டில் அடிக்கும்போது வெள்ளைப் பந்து எதிர்ப்பக்கமாகச் சற்றுத் தள்ளும். எவ்வளவு தள்ளும் என்பது ஸ்டிக்குக்கு ஸ்டிக் மாறும். கை அதைப் பழகுவதற்குள் மாற்றினால் கணக்கை மறுபடி முதலிலிருந்து போட வேண்டும்.

நான்கு போட்டோ பார்த்துக் கூரியரில் வரவழைப்பது

நம் பக்கத்திலிருந்து மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ நேரில் போய்ப் பார்ப்பது எல்லாராலும் முடியாது, அதனால் கூரியர் தவிர்க்க முடியாததுதான். ஆனால் காசு அனுப்புமுன் வீடியோ கேளுங்கள். பகல் வெளிச்சத்தில், டிப்பிலிருந்து இரண்டடி நீளத்துக்கு, நான்கு முகமும் தெரியும்படி மெதுவாகத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். எடை, டிப் அளவு, சமன்படும் இடம் மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். திருப்பி அனுப்ப எத்தனை நாள் கெடு, போக்குவரத்துச் செலவு யாருடையது என்பதையும் அப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இதற்கெல்லாம் சலித்துக்கொள்கிற கடைக்காரர் பட்டின் போட்டோவை மட்டும் மறுபடி மறுபடி அனுப்புவார். அவரிடம் வாங்க வேண்டாம். பார்சல் வந்ததும் பழைய டிப் எப்படியிருந்தாலும் பார்லரில் டேபிளைக் கவனிக்கிற மார்க்கரிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். கம்பெனி டிப் பெரும்பாலும் கல்லாக இருக்கும். புது டிப்பும் ஓரிரு வாரம் ஆடி அமுங்கிய பிறகுதான் அதன் உண்மையான குணத்தைக் காட்டும். அதுவரை சாக் கொஞ்சம் கூடுதலாகவே போடுங்கள்.