கொலு பார்க்கில் ஒரு கல்யாணப் பந்தி: தீம் தோன்றாத வருஷத்துக்கு

கொலுப்படிக்குப் பக்கத்தில் தரையில் அமைக்கிற குட்டிப் பொம்மைக் காட்சிதான் பார்க். மகாளய அமாவாசை நெருங்கும்போது பரணிலிருந்து பெட்டியை இறக்கி, "இந்த வருஷம் பார்க்கில் என்ன வைக்கலாம்?" என்று உட்கார்ந்தால் ஒன்றும் ஓடாது. எடுத்துக்கொள்கிற தலைப்பு பெரிதாக இருப்பதால் வருகிற திணறல் இது. கிராமம் என்றதும் கிணறு, கோயில், மாட்டு வண்டி, ஏர் எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். எதையும் விட மனசு வராது. தலைப்பை ஒரு நிமிஷக் காட்சியாகச் சுருக்குங்கள். கல்யாணம் வேண்டாம், பந்தி போதும். அதிலும் அப்பளம் போட்டுச் சாதம் பரிமாறுகிற நேரம் மட்டும். போனில் மற்றவர்கள் கொலுவைப் பார்ப்பதை அந்த வாரம் நிறுத்திவிடுவது நல்லது. பார்க்கப் பார்க்கச் சேர்க்கத்தான் தோன்றும்.

அடுத்து அளவு. பல பார்க்குகள் கெடுவது இங்கேதான்: ஆளைவிடப் பெரிய கோழி, குனிந்தாலும் நுழைய முடியாத வாசல். நிற்கிற ஆள் 4 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், சம்மணம் போட்டு உட்கார்ந்தவர் 2 அங்குலம், இலை ஒன்றேகால் அங்குல நீளம், அப்பளம் கால் அங்குலம். பஞ்சிங் மெஷினில் விழுகிற வட்டம் ஏறக்குறைய அதே அளவு. வெளிர் மஞ்சள் தாளில் துளை போட்டால் நூறு அப்பளம் ஐந்து நிமிஷத்தில் தயார். பற்பசை மூடியில் வெள்ளித் தாள் சுற்றினால் சாம்பார் வாளி. சாதத்துக்கு ரவையைக் கொட்டாதீர்கள், இரண்டாம் நாளே எறும்பு வந்துவிடும். தெர்மாகோலைச் சுரண்டிய தூள் போதும்.

2 அடிக்கு 3 அடி அட்டை ஒன்று எடுத்து, 3 அடிப் பக்கம் முன்னால் வரும்படி போடுங்கள். எதிரெதிராக இரண்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு பேர், ஆளுக்கு ஒன்றரை அங்குல இடம். வரிசைகள் முன்னிருந்து பின்னாகப் போகட்டும். குறுக்கே போட்டால் பார்ப்பவருக்கு முன்வரிசையின் முதுகுதான் தெரியும். இலையின் நுனி சாப்பிடுகிறவரின் இடப்பக்கம் வரவேண்டும். எதிர்வரிசையில் நுனி மறுபக்கம் திரும்பும். சுண்டல் வாங்க வருகிற மாமிகள் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

பொம்மைக்குக் காகிதக் கூழ். செய்தித்தாளைக் கிழித்து ஒரு ராத்திரி ஊறவைத்து, அரைத்து, நன்றாகப் பிழியுங்கள். பிழிந்த கூழ் 2 கிண்ணத்துக்குச் சாக்பீஸ் பொடி அரைக் கிண்ணம், ஃபெவிகால் கால் கிண்ணம், வெந்தயப் பொடி 2 ஸ்பூன். சின்ன எலுமிச்சை அளவு உருண்டையில் ஒரு ஆள் வரும். காயும்போது சுருங்கும் என்பதால் கொஞ்சம் பெரிதாகவே பிடியுங்கள். முதல் மூன்று நாள் நிழலில் காயட்டும். நேரே வெயிலில் வைத்தால் மேல்தோல் மட்டும் இறுகி உள்ளே ஈரம் நிற்க, கழுத்தில் வெடிக்கும். மைதா-உப்பு மாவில் செய்வது சுலபம்தான், ஆனால் மழை பிடித்தால் உப்பு ஈரத்தை இழுத்து பொம்மை தளர்ந்து சாயும். புடவைக்குப் பொடி டிசைன் போட்ட ரவிக்கைத் துணி எடுங்கள். பெரிய பூப் போட்டது ஆளையே விழுங்கிவிடும்.

வருகிறவர்கள் நின்றும் பாயில் உட்கார்ந்தும் மேலிருந்துதான் பார்ப்பார்கள். அதனால் பந்தலுக்குக் கூரை போடவேண்டாம். நான்கு கால், தோரணம், வாசலில் இரண்டு வாழை. அட்டையின் பின்பக்கத்தைச் செங்கல் வைத்து 3 அங்குலம் தூக்கினால் கடைசி ஆளின் முகமும் தெரியும். பொம்மைகள் வழுக்காமல் இருக்க அடியில் ஒரு பொட்டு ஃபெவிகால். தெர்மாகோலில் ஸ்பிரே பெயின்ட், பெட்ரோல் வாடை வீசும் பசை இரண்டும் கூடாது, அரித்துக் குழியாக்கிவிடும்.

பச்சைக்குக் கடுகு. அடியில் துளையிட்ட தட்டில் ஓர் அங்குலம் தென்னை நார்த்தூள் நிரப்பி, கடுகை நெருக்கமாகத் தூவி, இரண்டு நாள் மூடி வையுங்கள். பிறகு காலை மாலை தண்ணீர் தெளித்தால் போதும், ஊற்றினால் பூஞ்சணம் வந்து அடி அழுகும். அமாவாசைக்கு மூன்று நாள் முன்பு ஒரு தட்டு, கொலு வைத்த மூன்றாம் நாள் இன்னொன்று. வெளிச்சம் குறைந்த கூடத்தில் நாற்று வெளிறி நீண்டு ஜன்னல் பக்கம் சாயும், பகலில் தட்டை வெளியே வைத்து எடுங்கள்.

குளம் வேண்டுமென்றால் கண்ணாடி. ஓரத்தை மணல் ஓர் அங்குலம் மூடவேண்டும், இல்லாவிட்டால் முகம் பார்க்கிற கண்ணாடி என்று உடனே தெரிந்துவிடும். நிஜத் தண்ணீர் நவராத்திரி முழுக்க நின்றால் அதில் ஏடிஸ் கொசு வளர்ந்துவிடும். மினுக்குகிற சீரியல் விளக்கை விட்டுவிட்டு, மஞ்சள் எல்இடி ஒன்றைப் பக்கவாட்டில் மறைத்து வையுங்கள். எதிரிலிருந்து அடிக்கும் வெளிச்சத்தில் நிழலே விழாமல் எல்லாம் தட்டையாகத் தெரியும்.

எடுத்து வைக்கும்போது பழைய வேட்டித் துணியில் சுற்றுங்கள். அச்சு மை பெயின்ட்டில் ஒட்டும் என்பதால் செய்தித்தாள் வேண்டாம். பெட்டியில் தெர்மாகோல் இருந்தால் பாச்சை உருண்டையும் கூடாது, அது தெர்மாகோலை இளக்கும். இரண்டு துண்டு வசம்பு போட்டு மூடுங்கள்.