பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ்: எவ்வளவு நேரம் நிற்கிறோம்?

புதுச்சேரி–கடலூர் ரோட்டில் சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் என்று வைத்துக்கொள்வோம். நேரம் பார்க்காமல் ஸ்டாப்புக்கு வருகிறவர் எத்தனை நிமிடம் காத்திருப்பார்? ஐந்து என்று தோன்றும். தவளக்குப்பத்தில் தினமும் நிற்கிறவர்களைக் கேளுங்கள், சிரிப்பார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. ஒரு நோட்டும் செல்போனும் இருந்தால் நாமே அளந்துவிடலாம்.

படி 1: எந்த பஸ்ஸை எண்ணுவது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். நிற்காமல் போகிற பஸ் வேண்டாம். சிதம்பரம் வண்டி கடலூருக்கு ஆள் ஏற்றினால் அதையும் சேருங்கள். பாதியில் விதியை மாற்றினால் எல்லாம் வீண்.

படி 2: ஒரு மணி நேரமாவது குறியுங்கள். முதல் பஸ் வந்த நிமிடத்திலிருந்துதான் கணக்கு. நீங்கள் வந்து நின்ற நேரம் சேராது. காலை நெரிசலையும் மதியத்தையும் ஒரே பட்டியலில் கலக்காதீர்கள்.

படி 3: இடைவெளிகளை எழுதுங்கள். புரிவதற்காக ஒரு கற்பனைப் பட்டியல்: 8:00, 8:02, 8:05, 8:25, 8:27, 8:52, 9:00. இடைவெளிகள் 2, 3, 20, 2, 25, 8. கூட்டினால் 60, ஆறால் வகுத்தால் சரியாக 10. ‘பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ்’ என்பது பொய்யில்லை.

கூகுள் ஷீட்ஸில் செய்கிறவர்களுக்கு: நேரத்திலிருந்து நேரத்தைக் கழித்தால் 0.0139 மாதிரி ஏதாவது வரலாம். ஒரு முழு நாளை அது 1 என்று வைத்திருக்கிறது. 1440-ஆல் பெருக்கினால் நிமிடமாகிவிடும்.

படி 4: இதுதான் முக்கியம். ஒவ்வொரு இடைவெளியையும் அதே எண்ணால் பெருக்கிக் கூட்டுங்கள்: 4 + 9 + 400 + 4 + 625 + 64 = 1106. இதை மொத்த நேரத்தின் இரு மடங்கால், அதாவது 120-ஆல், வகுத்தால் 9.2. காத்திருக்கும் சராசரி நேரம் இதுதான். ஐந்துக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு!

ஏன் இப்படி? ஆறில் இரண்டு இடைவெளிகள்தான் பெரியவை. ஆனால் அந்த இரண்டும் சேர்ந்து 60 நிமிடத்தில் 45-ஐ விழுங்கிவிட்டன. எப்போது வேண்டுமானாலும் வருகிற நான்கு பேரில் மூன்று பேர் அதில்தான் மாட்டுவார்கள். புள்ளியியலில் இதற்கு இன்ஸ்பெக்‌ஷன் பாரடாக்ஸ் என்று பெயர்.

சரி, பஸ்கள் ஏன் ஒட்டி ஒட்டி வருகின்றன? கொஞ்சம் தாமதமான பஸ்ஸுக்கு அரியாங்குப்பத்தில் கூட்டம் அதிகம் சேர்ந்திருக்கும். ஏற்றி இறக்குவதில் இன்னும் தாமதம். பின்னால் வருவதற்கு ஆளே இருக்காது, அது வேகமாக வந்து முன்னதைப் பிடித்துவிடும். டிரைவரை மட்டும் திட்டிப் பயனில்லை.

படி 5: கூடுதலாக ஒரு பஸ் விட்டுப் பாருங்கள், தாளில்தான். 8:26-க்கு விட்டால் 1106 என்பது 1104 ஆகும். காத்திருப்பு அதே 9.2. அதையே 8:39-க்கு விட்டால் 25 என்பது 12, 13 என்று பிரிகிறது. கூட்டல் 794, காத்திருப்பு 6.6 நிமிடம். ‘இன்னொரு பஸ் விடுங்கள்’ என்று மனு எழுதுகிறவர்கள், எத்தனை மணிக்கு என்பதையும் சேர்த்தே எழுதலாம்.